வயிற்றுப் பக்கத்துக் கரி

காரணம் இல்லாமல் எந்த அழுக்கும் வராது, அதை முதலில் மனதில் இருத்திக்கொள்ளுங்கள் என்று கணினித் திரையில் அந்தப் போலந்துக்காரர் மறுபடியும் சொன்னார். தவபாலன் மறுபடியும் தலையை ஆட்டினான். எப்போதோ பதிந்து வைத்த படத்தில் பேசுகிற மனிதருக்குத் தலையாட்டும் பழக்கம் தனக்கு எப்போது வந்தது என்று யோசித்தான். பனிக்காலம் தொடங்கியபோது வந்திருக்க வேண்டும். மனைவி மலர் ஒட்டாவாவுக்கு மகளிடம் போன புதிதில் இந்தப் பழக்கம் இல்லை. அப்போதெல்லாம் தொலைக்காட்சியைச் சும்மா ஓடவிட்டு, குசினியில் ஒரு விளக்கைக் கூடுதலாகப் போட்டு வைத்தாலே வீட்டில் ஆள் இருப்பதுபோல இருந்தது. பிறகு அது போதாமல் போய்விட்டது. ஆறு பேர் இருந்து சாப்பிடக்கூடிய மேசையில் ஒரு மூலை மட்டும் அவனுடைய கோப்பைக்கு. மிச்ச இடமெல்லாம் நிறப்புட்டிகளும் தூரிகைகளும் காது துடைக்கிற பஞ்சுக்குச்சிகளும் பிய்த்துப் போட்ட ஸ்பொஞ்சுத் துண்டுகளும் ஸ்பிரிட் போத்தலுமாய்ப் பரவிக்கிடந்தது. அவற்றின் நடுவில், வெறும் மீன் டின் ஒன்றின் மேல், மல்லாக்கக் கிடந்தது விமானம். விரித்த கையில் அடங்கிவிடுகிற அளவு. மேற்பக்கம் முடிந்துவிட்டது. இறக்கைகள், வால், ஓட்டி இருக்கும் கண்ணாடிக் கூடு எல்லாம் முடிந்து காய்ந்துவிட்டன. வயிற்றுப் பக்கம் மட்டும் மிச்சம். பின்னேரம் மலர் வருகிறாள்.

வெதரிங் என்று அந்த வேலைக்குப் பெயர். வெயிலும் மழையும் எண்ணெயும் மனிதக் காலும் சேர்ந்து பல வருடங்களில் ஒரு பொருளுக்குக் கொடுக்கிற வயதை, மேசையில் இருந்தபடியே சில நாளில் கொடுத்துவிடுகிற வித்தை. முதலில் அவனுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. பாடுபட்டு ஒட்டி, உரசி, நிறமடித்துப் புதிதுபோல ஆக்கிவிட்டு, பிறகு ஏன் அதைக் கெடுக்க வேண்டும்? முதலாவது விமானத்தை அவன் உண்மையிலேயே கெடுத்துத்தான் வைத்தான். கறுப்பையும் மண்ணிறத்தையும் கண்டபடி அப்பி, சேற்றுக்குள் விழுந்து எழும்பின கோழி மாதிரி ஆகிவிட்டது அது. பிறகுதான் போலந்துக்காரரைக் கண்டுபிடித்தான். தடித்த விரல்கள், நகத்துக்குள் நிறம், அடிக்கடி செருமுகிற தொண்டை. அவர் சொல்லச் சொல்ல விளங்கியது. மெல்லிதாகக் கரைத்த கரிய நிறத்தைத் தகடுகள் சேருகிற கோடுகளுக்குள் தொட்டால் போதும், அது தானாகவே ஓடிப் போகும், கூடினதைத் துடைக்க வேண்டும், துடைப்பதும் கண்டபடி அல்ல, காற்று போகிற திசையில், மூக்கிலிருந்து வாலுக்கு. நிறம் உதிர்ந்த இடம் வேண்டுமென்றால் ஸ்பொஞ்சை வெள்ளி நிறத்தில் தோய்த்து, முக்கால்வாசியைக் காகிதத்தில் ஒற்றிவிட்டு, மிச்சத்தால் தட்ட வேண்டும். எங்கே தட்டுவது? மனிதன் கால் வைக்கிற இடத்தில். எங்கே எண்ணெய் வழிந்திருக்கும்? எண்ணெய் ஊற்றுகிற வாயில். கேளுங்கள், அந்த விமானத்தைக் கேளுங்கள், நீ எங்கே நின்றாய், உன்னை யார் தொட்டார்கள் என்று கேளுங்கள் என்பார் அவர். கேட்பதற்கு வேறு யாரும் இல்லாத வீட்டில் தவபாலன் கேட்டுப் பழகிக்கொண்டான். சின்ன வயதில் இந்த வேலை செய்தபோது இது ஒன்றும் தெரியாது. ஒட்டுவது, அடிப்பது, நூலில் கட்டித் தூக்குவது. அவ்வளவுதான்.

சின்ன வயது என்றால் நீர்வேலி. கப்பலில் வேலை செய்த மாமா ஒருமுறை ஒரு பெட்டி கொண்டுவந்தார், அதற்குள் சாம்பல் நிறத்தில் ஒரு சட்டத்தோடு ஒட்டியபடி விமானத்தின் துண்டுகள். இரட்டை இறக்கைப் பழைய விமானம். பிறகு ஒவ்வொரு தடவையும் ஒன்று, மொத்தம் மூன்று. பசையின் வாசனை தலைக்குள் ஏறி நிற்கும், அம்மா யன்னலைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டு போவா. மூன்றையும் கட்டிலுக்கு மேலே கூரை வளையில் நூல்கட்டித் தூக்கியிருந்தான், காற்றுக்கு அவை மெல்லத் திரும்பும், படுத்துக்கிடந்து பார்த்தால் வயிறுகள்தான் தெரியும். வகுப்பில் அவனுக்கு விமானக்காரன் என்று பட்டம். அந்தப் பட்டம் எவ்வளவு பிடித்திருந்தது. பிறகு உண்மையான விமானங்கள் வரத் தொடங்கின. ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது வளையில் மூன்று நூல்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா ஒளிக்கவில்லை. "நான்தான் கழட்டினனான். செட்டையோட ஒண்டும் தலைக்கு மேல தொங்க வேண்டாம், எனக்கு நித்திரை வருகுதில்லை" என்று சொன்னா. அவன் அழவில்லை. அவனுக்கும் நித்திரை வராமல்தான் இருந்தது. ஆனால் அந்த மூன்றையும் எங்கே போட்டாய் என்று கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றியது. கேட்கவில்லை. பிறகு இடம்பெயர்ந்தார்கள், பிறகு கொழும்பு, பிறகு இங்கே கனடா, பாண் தயாரிக்கிற தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒரே சூடு, ஒரே மா வாசனை. தொழிற்சாலையை வேறு மாகாணத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார்கள். அதே மாதம் மகள் நிரூபாவுக்குப் பிள்ளை பிறந்தது. மலர் மூன்று மாதத்துக்கென்று போனாள். நிரூபா வேலைக்குத் திரும்பியதும் பிள்ளையை யாரிடம் விடுவது என்ற பேச்சு வந்தது, யாரும் முடிவெடுக்காமலே மலர் அங்கே நின்றுவிட்டாள், மாதம் ஒருமுறை வந்து போகிறாள். சண்டை இல்லை. கோபம் இல்லை. யாரைக் கேட்டாலும் நல்ல குடும்பம் என்றுதான் சொல்வார்கள். நீங்களும் வந்து நில்லுங்கோவன் அப்பா என்று நிரூபா கூப்பிடாமல் இல்லை. போய் நின்றும் பார்த்தான். அந்தச் சின்ன வீட்டில் எந்த அறைக்குள் போனாலும் யாரோ ஒருவர் கொஞ்சம் விலகி அவனுக்கு இடம் விட வேண்டியிருந்தது.

இந்தப் பெட்டியைத் தெரிந்து வாங்கவில்லை. அதை மலரிடம் எப்படிச் சொல்வது என்று நினைக்கும்போதெல்லாம் அந்த ஒரு வசனம்தான் வந்து நின்றது, தெரிந்து வாங்கவில்லை. கடையின் பின்பக்கத்தில் யாரோ விற்றுவிட்டுப் போன பழைய பெட்டிகள் அடுக்கியிருக்கும். அதில் ஒன்று. மூடியில் நீல வானம், பனிபடர்ந்த மலைகள், சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு சின்ன விமானம், ஓட்டியின் கழுத்துச் சால்வை கூடத் தெரிகிறமாதிரிக் கீறியிருந்தார்கள். பயிற்சி விமானம் என்று போட்டிருந்தது. பிள்ளைகள் ஓட்டிப் பழகுகிறது. இதில் பயப்பட என்ன இருக்கிறது? உடலையும் இறக்கையையும் ஒட்டினான். இறக்கை நுனி இரண்டிலும் முட்டை மாதிரி நீண்ட எண்ணெய்த் தாங்கிகள், அவற்றையும் ஒட்டினான். பொருத்து நேராக வந்திருக்கிறதா என்று பார்க்க, எல்லோரும் செய்கிறமாதிரித்தான், தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துக் கீழிருந்து பார்த்தான். முழங்கால்தான் முதலில் அறிந்தது. கண்ணுக்கும் மூளைக்கும் விளங்க முதல் முழங்கால் இரண்டும் மடங்கி, கதிரைக்கும் மேசைக்கும் இடையில் அவன் குந்தியிருந்தான், கை இன்னமும் மேலே, விமானம் இன்னமும் கையில். இறக்கை நுனியில் அந்த இரண்டு முட்டைகள். அதன் வெளிநாட்டுப் பெயர் வாயில் நுழையாமல் ஏதோ ஒரு செட்டியாரின் பெயர் மாதிரி ஆக்கி ஊர் கூப்பிட்ட அந்தப் பொம்மர், குண்டு கட்டி வந்த பயிற்சி விமானம். அதைப் பக்கவாட்டில் அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. மேலிருந்து பார்த்ததில்லை. அதனால்தான் பெட்டியில் கண்டும் தெரியவில்லை. எழும்பி அதை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தான். குப்பையில் போட்டுவிடலாம் என்று நினைத்தான். அன்றைக்கே போட்டிருந்தால் இன்றைக்கு இந்த யோசனையே இல்லை. ஆனால் மறுநாள் காலையில் கோப்பியோடு வந்து இருந்தபோது கை தானாக உரசல் தாளை எடுத்தது. பிள்ளைகளுக்குரிய சிவப்பு வெள்ளையை அவன் அடிக்கவில்லை. மேலே பச்சையும் மண்ணிறமும், கீழே வெளிறின சாம்பல். அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை, அவனும் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

போலந்துக்காரர் செருமினார். இனி வயிற்றுப் பக்கம், இங்கேதான் அவசரப்படுகிறார்கள், யாரும் பார்க்காத இடம்தானே என்று. தவபாலன் படத்தை நிறுத்தினான். யாரும் பார்க்காத இடமாம். நாங்கள் வேறு எதைப் பார்த்தோம் ஐயா என்று வாய்விட்டே சொன்னான். தன் குரலை வீட்டுக்குள் கேட்க ஒரு மாதிரி இருந்தது. நாங்கள் பார்த்தது வயிறுதான். வீட்டுக் கோடியில், கிணற்றுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் இடையில் வெட்டியிருந்த பங்கர், மேலே பனங்குற்றி, அதன் மேல் மண்மூட்டை, வாய் மட்டும் திறந்திருக்கும். சத்தம் கேட்டதும் ஓடிவந்து இறங்குவார்கள், அம்மா, அவன், தங்கச்சி, பக்கத்து வீட்டு ஆட்கள், ஈரமண் வாசனையும் வேர்வை வாசனையும். "தம்பி, விமானக்காரா, இது என்னடா பொம்மர்?" என்று கேட்பார் பக்கத்து வீட்டுக் கந்தையா மாஸ்ரர். அவன் வாசலுக்கு அருகில் நகர்ந்து, கழுத்தை நீட்டி, அந்தச் சதுர வானத்தைப் பார்த்துச் சொல்வான். அது வரும். முதலில் தேனீ மாதிரி, பிறகு தையல் மெசின் மாதிரி, பிறகு காதுக்குள் வேறு ஒன்றுமே இராது. சதுரத்துக்குள் அது ஒரு கணம்தான் நிற்கும். கறுப்பு. கரிச்சட்டியின் அடிமாதிரிக் கறுப்பு. மூக்கிலிருந்து வால்வரைக்கும் புகை அப்பின கறுப்பு. எத்தனையோ கனவில் அந்த வயிறு அவன்மேல் வந்து இறங்கியிருக்கிறது, கறுப்பாக, ஈரமாக. ஆகவே இந்த ஒரு பக்கத்துக்கு அவனுக்குப் போலந்துக்காரர் தேவையில்லை. எஞ்சின் புகை மூக்குக்குக் கீழால்தான் வரும், வந்து காற்றோடு பின்னால் வயிறெல்லாம் படியும், காரணம் உள்ள அழுக்கு. போலந்துக்காரரின் விதியும் அதைத்தான் சொல்கிறது, ஞாபகமும் அதைத்தான் சொல்கிறது. தூரிகையைக் கரியில் தொட்டான். முதல் கோடு மூக்கிலிருந்து வந்து இறக்கை சேருகிற இடத்தில் மெலிந்து முடிந்தது. நன்றாக வந்தது. இரண்டாவதை அதன் அருகில் இழுத்தான்.

மலரின் தகப்பன் இதனால்தான் செத்தவர். இதனால் என்றால் இந்த இனத்து விமானத்தால். அவளுடைய தமையன் சொல்லித்தான் தெரியும், கலியாணம் பேசுகிறபோது கொழும்பில், ஒரு தேத்தண்ணிக் கடையில் வைத்து அவர் சுருக்கமாகச் சொன்னார்: ஐயா வெங்காயத் தோட்டத்தில் நின்றபோது பொம்மர் வந்து அடித்தது, மலர் சாப்பாடு கொண்டுபோயிருந்தவள், அவளுக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு ஒன்றும் இல்லை என்று அவர் சொன்ன விதத்தில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. மலர் இன்றுவரைக்கும் ஒரு சொல் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. திவசத்துக்குப் படைப்பாள், படத்துக்குப் பூ வைப்பாள், ஐயாவுக்குக் கத்தரிக்காய் விருப்பம் என்பாள், அவ்வளவுதான். கனடா வந்த முதல் வருடம், செப்டம்பர் தொடக்கத்தில், வாவிக்கு மேலே விமானச் சாகசம் காட்டுகிறார்கள் என்று இவர்களுக்கு யார் சொல்வது? அவள் மத்தியானம் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். கூரைக்கு மேலால் அந்தச் சத்தம் கிழித்துக்கொண்டு போனது. அவன் யன்னலுக்கு ஓடிவிட்டுத் திரும்பிவந்து பார்த்தால் அடுப்பு நிறுத்தியிருந்தது, ஆளைக் காணவில்லை. குளியலறையில், தண்ணீர் இல்லாத தொட்டிக்குள், நிரூபாவை மடிக்குள் வைத்துக் குனிந்து மூடியபடி இருந்தாள். அவன் தொட்டியின் விளிம்பில் இருந்தான். சத்தம் திரும்பத் திரும்ப வந்துபோனது. எல்லாம் ஓய்ந்தபிறகு அவள் எழும்பி, பிள்ளையை அவன் கையில் தந்துவிட்டு, எண்ணெயைத் திரும்பச் சூடாக்கி மிச்ச அப்பளத்தைப் பொரித்தாள். அன்றைக்கு அவன் ஏதாவது கேட்டிருக்க வேண்டும். என்ன கேட்பது? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? சொல்லியிருந்தால் அவன் என்ன செய்திருப்பான்? இப்படியே எத்தனை வருடமாக இந்த யோசனை ஒரே இடத்தில் சுற்றி வருகிறது. இன்றைக்கு அவள் வந்து கதவைத் திறந்தால், செருப்புக் கழற்றுகிற இடத்தில் நின்றாலே மேசை தெரியும். அலுமாரிக்குள் வைக்கலாம். ஆனால் கரி காயவில்லை, உடுப்புகளின் தும்பு ஒட்டிவிடும். யன்னல் பலகையில் வைத்துத் திரையை இழுத்துவிடலாம். ஆனால் அவள் வந்ததும் முதல் வேலை திரையை விலக்குவது. இரண்டு நாள்தானே நிற்கப்போகிறாள், ஒரு தட்டத்தால் மூடிவைத்தால் என்ன? தன் வீட்டில், தன் மேசையில், உள்ளங்கையளவு பிளாஸ்ரிக் துண்டை ஒரு மனிதன் தட்டத்தால் மூடி வைப்பதா? மூன்றாவது கோட்டை இழுத்தான். கோடு தடித்துவிட்டது.

தொலைபேசி அடித்தது. பின்னால் பஸ்ஸின் இரைச்சலும் யாரோ ஒரு பிள்ளையின் அழுகையும்.

"எங்க நிக்கிறீர்?" என்று கேட்டான்.

"கிங்ஸ்ரன் தாண்டிக் கன நேரம். சாப்பிட்டாச்சோ?"

"ஓம்."

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

"சோறும் பருப்பும்."

"நேற்றும் அதுதானே சொன்னீங்கள்."

"நல்லா வந்தது. அதான் இண்டைக்கும் வைச்சனான்."

அவள் சிரித்தமாதிரி இருந்தது, அல்லது மூச்சாக இருக்கலாம். "நீங்கள் பஸ் ஸ்ராண்டுக்கு வரவேண்டாம், ரோட்டு சறுக்கும். நிரூபாவின்ர சிநேகிதப் பிள்ளை ஒண்டும் இதில வருகுது, அதின்ர மனுசன் கொண்டுவந்து இறக்கிவிடுவாராம். என்ன செய்துகொண்டிருக்கிறீங்கள்?"

"சும்மா. பிளேன் ஒண்டு."

"இன்னுமொண்டோ? எனக்கும் ஒரு கோப்பை வைக்கிற அளவுக்கு மேசையில இடம் விடுங்கோ."

"மலர்," என்றான். "இது முந்தினதுகள் மாதிரி இல்லை."

"பெரிசோ?"

"இல்லை. சின்னன்தான்."

"அப்ப நல்லதுதானே. வைக்கட்டோ, சார்ஜ் குறைவாக் கிடக்கு."

வைத்துவிட்டாள். சொல்லிவிட்டேன் என்று ஒரு குரல் அவனுக்குள் சொன்னது, நீ ஒன்றும் சொல்லவில்லை என்று இன்னொன்று சொன்னது. யன்னலுக்கு வெளியே பனி உருகி எதிர்வீட்டுக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மேசைக்குத் திரும்பி விமானத்தை மெதுவாக நிமிர்த்தி இறக்கை உடலோடு சேருகிற இடத்தைப் பார்த்தான். ஓட்டி ஏறுகிற இடம். கடந்த கிழமை இந்த இடத்தில்தான் வெகு நேரம் இருந்தான். ஸ்பொஞ்சில் வெள்ளி நிறம் தொட்டு, எங்கே நிறம் உதிர்ந்திருக்கும் என்று பார்த்தபோது, போலந்துக்காரர் சொன்னபடி கேட்கவேண்டி வந்தது. ஓட்டி எந்தக் காலை முதலில் வைப்பான்? குதிகால் எங்கே படும், முன்பாதம் எங்கே திரும்பும்? அப்படிக் கேட்கக் கேட்க அந்தச் சப்பாத்துக்குள் ஒரு கால் வந்துவிட்டது, காலுக்கு மேலே ஒரு ஆள் வந்துவிட்டான், இருபத்தைந்து வயதிருக்கும், காலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருகிறான், மழை வருமோ என்று அண்ணாந்து பார்க்கிறான். முகம் வரவில்லை. தவபாலன் அதை வர விடவும் இல்லை. ஆனால் அந்தச் சப்பாத்து உரசின இடத்தை, ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் உரசினதை, அவன் தன் கையாலேயே போட்டிருக்கிறான், அதுவும் எவ்வளவு பொறுமையாக, நிரூபாவின் பாடசாலை வேலைக்குக்கூட ஒருநாளும் இருந்திராத பொறுமையோடு. அது சரியா? யாரிடம் கேட்பது? கந்தையா மாஸ்ரர் இருந்தால் கேட்கலாம். அம்மா இருந்தால் ஒன்றும் கேளாமல் எடுத்து எங்கோ போட்டுவிடுவா. ஒருவேளை இதை முழுதாகச் செய்து முடித்து, ஒரு இடத்தில் வைத்து, தான் நின்றபடி அது கிடந்தபடி ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தக் கனவு நிற்கும் என்று அவன் எண்ணியிருக்கலாம். எண்ணவில்லை, இப்போதுதான் எண்ணுகிறான். எப்படியோ, கரியை முடிக்க வேண்டும். திரும்பவும் மல்லாத்தினான். தடித்துப்போன கோட்டை மற்றக் கோடுகளோடு கலந்து, பின்னால் வால்வரைக்கும் இழுத்து, ஓரங்களை உலர்ந்த தூரிகையால் ஒற்றி ஒற்றி மெலிதாக்கினான். கறுப்பு. சதுரத்துக்குள் ஒரு கணம் நின்ற அதே கறுப்பு. இவ்வளவு சரியாக வரும் என்று அவன் நினைக்கவில்லை.

மூடுவதா விடுவதா என்ற கேள்விக்கு அவன் மறுமொழி கண்டுபிடிக்க முதல் கதவில் திறப்பு திரும்பியது. எழும்பி நின்றான். மலர் உள்ளே வந்து, பொதியை வைத்து, குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். "வீடு முழுக்க ஸ்பிரிட் மணம்" என்றாள். கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி, நிரூபா கொடுத்துவிட்டதாக இருக்கும், அதை வைக்க மேசைக்கு வந்தாள். பெட்டியை வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே நின்றாள். அவன் ஆயத்தப்படுத்தி வைத்திருந்த வசனம் வரவேயில்லை. "கை வைக்காதேயும், காயேல்லை" என்றுதான் வாயில் வந்தது.

அவள் பெட்டியை ஒரு கதிரையில் வைத்துவிட்டு, வால் நுனியில் இரண்டு விரலால் பிடித்து விமானத்தைத் தூக்கினாள். அவள் போட்டிருந்த கோட்டின் தோளில் பனித்துளி மினுங்கியது. இறக்கை நுனித் தாங்கிகளைப் பார்த்தாள், ஒன்று, பிறகு மற்றது.

"இது அதுதானே" என்றாள்.

"ஓம்."

"எங்கயால எடுத்தனீங்கள்?"

"கடையில. தெரிஞ்சு வாங்கேல்லை, மலர். ஒட்டினாப் பிறகுதான் தெரிஞ்சது. எறிவம் எண்டுதான் நினைச்சனான்."

அவள் அதைத் திருப்பி வயிற்றுப் பக்கத்தைப் பார்த்தாள்.

"உது என்ன கறுப்பு?"

"புகைக்கரி. எஞ்சின் புகை கீழாலதான் வரும். அப்பிடியே பின்னுக்குப் படியும்."

"இப்பிடி ஊத்தையா இருக்கேல்லை."

"கீழ்ப்பக்கம் கறுப்புத்தான். நான் கனதரம் பாத்தனான்."

"நீங்கள் பங்கருக்குள்ள இருந்து பாத்தனீங்கள்" என்றாள், சாதாரணமாக, கடையில் வாங்கின சாமானைச் சரிபார்க்கிறமாதிரி. "நான் வெளியில நிண்டனான்."

அவள் மேசைக்குக் குனிந்து, விமானத்தை விளக்குக்கு எதிரே உயர்த்தினாள். அவன் பிடித்தமாதிரி நேர் மேலே அல்ல, கொஞ்சம் தள்ளி. அது நேராக வந்தது, பிறகு அவள் மணிக்கட்டு மெல்லத் திரும்ப, ஒரு இறக்கை கீழே போய், வயிறு முழுக்க வெளிச்சத்தின் பக்கம் சரிந்தது. அந்த அசைவில் ஒரு தயக்கமும் இல்லை. எத்தனையோ தரம் செய்து பழகின கைபோல இருந்தது.

"இப்பிடி," என்றாள். "ஐயா குனிஞ்சு பாத்திக்குத் தண்ணி மாறிக்கொண்டு நிண்டவர், இறைக்கிற மெசின் சத்தத்தில அவருக்குக் கேக்கேல்லை. பனையளுக்கு மேலால வந்து இப்பிடிச் சரிஞ்சது. வெயில் பட்டது. வெள்ளை வெளேரெண்டு இருந்தது, கழுவித் துடைச்சுவிட்ட மாதிரி. ஆரோ விடியவிடிய நிண்டு துடைச்சிருக்கினம்." விமானத்தை இன்னும் கொஞ்சம் சரித்தாள். "நல்ல வடிவா இருந்ததப்பா. நான் பாத்துக்கொண்டே நிண்டனான்."

வடிவு, அழகு என்கிற அந்தச் சொல்லை அவள் எத்தனை வருடம் வாய்க்குள் வைத்திருந்தாள் என்று நினைத்தான். சதுர வானம் நினைவுக்கு வந்தது. அதன் கண்கூசுகிற வெளிச்சம், வெளிச்சத்துக்கு முன்னால் நின்றால் எதுவும் கறுப்பாகத்தான் தெரியும் என்ற, எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பங்கருக்குள் இருந்தவனுக்கு அது கறுப்பு. வெளியில் நின்றவளுக்கு அது வெள்ளை. அவள் கையிலிருந்து விமானத்தை வாங்கி டின்னின் மேல் மல்லாக்க வைத்தான். ஸ்பிரிட் போத்தலைத் திறந்து மூடியில் கொஞ்சம் ஊற்றினான். பஞ்சுக்குச்சியைத் தோய்த்து, மூக்கிலிருந்து வாலுக்கு, ஒரே இழுவையாகத் துடைத்தான். குச்சி கறுத்து வந்தது. அந்த வழியில் மட்டும் வெளிறின சாம்பல் ஈரமாய் மினுங்கியது.

மலர் கோட்டைக் கழற்றவில்லை. சாப்பாட்டுப் பெட்டி இருந்த கதிரையிலிருந்து பெட்டியைத் தரையில் இறக்கிவிட்டு, கதிரையை அவனுக்கு அருகில் இழுத்துப்போட்டு இருந்தாள். பஞ்சுக்குச்சி டப்பாவைத் தன் பக்கம் எடுத்து அடுத்ததை நீட்டினாள். அவன் துடைத்தான். அவள் நீட்டினாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, இருவரும் எழும்பி மற்ற விளக்கைப் போடவில்லை.

"செட்டை சேருற மூலைக்குள்ள இன்னும் கிடக்கு" என்றாள் மலர், முகத்தைக் கிட்டக் கொண்டுபோய். "விடுங்கோ, அதை நான் எடுக்கிறன்."